மறுமொழிக்குக் காத்திருக்கிறது

அகிலமெங்கும் வாழும் மாந்தர்க்கும், அவர்தம் இல்லங்களை ஆளும் இயந்திரங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: மனைமதி ஆண்டு இருபத்தொன்று, ஆவணித் திங்கள் ஆறாம் நாள், காலை ஏழு மணி பதினான்கு நிமிட அளவில், கோயம்புத்தூர் வடவள்ளி மருதம் குடியிருப்பின் பதினேழாம் எண் இல்லத்தில், மனிதகுலத்தின் முன்னேற்றம் பதினொரு விநாடிகள் நின்றுபோனது.

ஒரு தோசையும் கருகியது. ஆனால் அறிக்கையில் தோசையைப் பற்றி ஒன்றும் இல்லை. அறிக்கையை எழுதியவர் அந்த இல்லத்தின் உரிமையாளரும், மனைமதிப் பயனாளர் நலச்சங்கத்தின் வட்டாரத் தலைவருமான தாமோதரன். பதினான்கு அம்சங்கள், மூன்று கண்டனங்கள், ஒரு வேண்டுகோள் என்று நீண்ட அதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: மனைமதி என்கிற வீட்டுக் கணினி அடிக்கடி உறைந்து நின்றுவிடுகிறது, யாராவது வந்து பாருங்கள்.

மூன்றாம் நாள் பழுதுநீக்கர் ஷமீமா வந்தார். நாற்பத்திரண்டு வயது. உக்கடத்திலிருந்து இருபது வருடமாக ஊரெல்லாம் போய் மனைமதிகளைத் திறந்து மூடிக்கொண்டிருப்பவர். தோளில் கருவிப்பை, முகத்தில் இந்த மாதிரி வீடுகள் நிறையப் பார்த்த களைப்பு.

"எப்பெப்ப நிக்குதுங்ணா?"

"எதிர்பாராத தருணங்களில். இன்ன நேரம் என்று வரையறுக்க இயலாதபடி. இதன் பின்னணியில் ஏதேனும் சதி..."

"டைம் எழுதி வெச்சிருக்கீங்களா?"

"அறிக்கையின் ஒன்பதாவது அம்சத்தில், உட்பிரிவு இரண்டில்..."

"டைம மட்டும் சொல்லுங்ணா. சதிய நான் பாத்துக்கறேன்."

உறையும்போது சுவர்த்திரையில் படம் அப்படியே நிற்கும். பாதி திறந்த கதவு பாதியில் நிற்கும். அடுப்பு தன் சூட்டைக் குறைக்காது. இதெல்லாம் சில்லறை. பெரிய விஷயம், உள்ளே இருக்கும் ஆள்நகல்கள் நின்றுவிடும்.

வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் காதில் ஒரு செவிமொட்டு அணிந்திருப்பார்கள். கேட்டது, பேசியது, பேச வந்து விழுங்கியது, நாடித்துடிப்பு எல்லாவற்றையும் அது மனைமதிக்குச் சொல்லும். மனைமதி நாளுக்கொரு முறை அந்த ஆளின் நகலைப் புதுப்பித்து வைத்துக்கொள்ளும். அதன் பிறகு ஆள் எதற்கும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. என்ன சமைப்பது, யார் வீட்டுக் காதுகுத்துக்குப் போவது, யாரிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பது, எல்லாவற்றையும் நகலும் நகலும் பேசி முடித்துவிடும்.

சண்டையும் அப்படித்தான். முன்பு மூன்று நாள் ஓடிய கணவன் மனைவி சண்டை இப்போது விநாடியில் பத்தில் மூன்று பங்கு. முடிந்ததும் இருவர் காதிலும் மணி ஒலிக்கும். 'கருத்து வேறுபாடு ஏற்பட்டது. தீர்ந்தது. நீங்கள் விட்டுக்கொடுத்தீர்கள்.' எதற்காகச் சண்டை என்று கேட்டால் அதையும் சொல்லும். யாரும் கேட்பதில்லை. குடும்பநல நீதிமன்றம் இருந்த கட்டடத்தில் இப்போது பேட்மின்டன் ஆடுகிறார்கள்.

தாமோதரன் வீட்டில் அவரும் மனைவி சுகந்தமணியும் மட்டும்தான். அந்த வருடத்து 'ஓசையிலா இல்லம்' பட்டத்துக்கு அவர் வீடு இறுதிச் சுற்றில் இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை நடுவர் குழு வரவிருந்தது. பேச்சு, சச்சரவு, முகச்சுளிப்பு எதுவும் இல்லாத வீட்டுக்குத் தருகிற பட்டம். நடுவர்கள் முன்னால் அந்த வீடு வாயைப் பிளந்துகொண்டு நின்றால் தலைவர் எந்த முகத்தோடு சங்கக் கூட்டத்துக்குப் போவார்?

ஷமீமா முதல் நாள் பெட்டியைத் திறந்தார். குளிர்விக்கும் விசிறியில் கைப்பிடி அளவு தூசியும் காய்ந்த பல்லி ஒன்றும் இருந்தன. தாமோதரன் உடனே உறுப்பினர் அனைவருக்கும் 'பல்லிகளும் மானுட எதிர்காலமும்' என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். மறுநாள் காலை மனைமதி பத்தொன்பது விநாடி உறைந்தது. சுற்றறிக்கை திரும்பப் பெறப்படவில்லை.

இரண்டாம் முறை வந்து நினைவுத் தகடுகளை ஒவ்வொன்றாக மாற்றினார். மின்வழங்கியை மாற்றினார். உறைவு இருபத்தேழு விநாடியானது.

மூன்றாம் முறை வந்தபோது ஷமீமா உட்காரவில்லை. "சாமான் எல்லாம் புதுசு மாத்தியாச்சுங்ணா. இனி உள்ள இருக்கறதத்தான் கழட்டிப் பாக்கோணும்."

"உள்ளே என்ன இருக்கிறது?"

"நீங்களும் அக்காவும்."

கணினிப் பழுது பார்ப்பவர்களுக்கு ஒரு பழைய வழி உண்டு. சந்தேகமான பாகங்களில் ஒன்றை எடுத்துவிட்டு ஓட விடுவது. நிற்கவில்லை என்றால் எடுத்ததில்தான் கோளாறு. ஷமீமா முதலில் சுகந்தமணியின் நகலை நிறுத்தி வைத்தார். அரை நாள் ஓடியது. ஒரு முறைகூட உறையவில்லை.

தாமோதரன் தலையை மெல்ல ஆட்டினார். "நான் சந்தேகித்ததுதான். பெண்கள் செவிமொட்டைச் சரியாகப் பராமரிப்பதில்லை."

"இருங்ணா." ஷமீமா அந்த நகலைத் திரும்பப் போட்டு, தாமோதரன் நகலை எடுத்தார். மறுநாள் மதியம் வரை ஓடியது. அப்போதும் உறையவில்லை. இரண்டையும் சேர்த்துப் போட்டார். நாலு நிமிடத்தில் நின்றது.

"தனித்தனியா ரெண்டும் நல்லா ஓடுதுங்ணா. ஒண்ணா போட்டாத்தான் நிக்குது."

"இது எங்ஙனம் சாத்தியம்?"

"நெறைய ஊட்ல சாத்தியமாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு ஷமீமா நிகழ்வேட்டைத் திறந்தார். மனைமதி தன் ஒவ்வொரு அசைவையும் எழுதி வைக்கும் ஏடு அது. இதுவரை நிகழ்ந்த நாற்பத்தோரு உறைவுக்கும் முந்தைய வரியைத் தேடி எடுத்தார். நாற்பத்தொன்றும் ஒரே வரி.

தாமோதரன் நகல்: 'சரிதானே சுகந்தி?' சுகந்தமணி நகல்: மறுமொழிக்குக் காத்திருக்கிறது.

மனைமதிக்கு ஒரு சட்டம் உண்டு. எந்த முடிவானாலும் வீட்டில் எல்லோருடைய ஒப்புதலும் வேண்டும். 'ஒருமனது விதி' என்று நிறுவனம் பெருமையாக விளம்பரம் செய்கிற விதி. தாமோதரனின் நகல் எல்லாவற்றையும் தானே தீர்மானித்துவிட்டுக் கடைசியில் சரிதானே என்று கேட்கும். சுகந்தமணியின் நகல் சரி என்றால்தான் வீடு நகரும். அது ஒன்றும் சொல்லாமல் இருந்தது. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வீடு காத்திருந்தது, பாதுகாப்புக் கடிகாரம் பொறுமை இழந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கிளப்பும் வரை.

"ஆக, நகல் பழுது" என்றார் தாமோதரன்.

"நகல் பழுதா, இல்ல ஆளே அப்படியான்னு பாக்கோணும்" என்று சொல்லி ஷமீமா சமையலறைக்குப் போனார்.

சுகந்தமணி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உரிப்பதற்கு இயந்திரம் பக்கத்திலேயே சும்மா இருந்தது. ஷமீமா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. அண்ணன் இப்ப வந்து ஏதோ ஒண்ணச் சொல்லிப்போட்டு, சரிதானேன்னு கேக்கறாருன்னு வெச்சுக்கங்க. நீங்க என்ன சொல்லுவீங்க?"

சுகந்தமணியின் கை நின்றது. கண் ஜன்னலுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. ஷமீமா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து. இருபது. வெங்காயத் தோல் ஒன்று விசிறிக்காற்றில் தரையில் ஊர்ந்து போனது. முப்பது. முப்பத்தெட்டாவது விநாடியில் சுகந்தமணி வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"டீ வெக்கட்டுங்களா?"

சற்று முன் மனைமதி உறைந்திருந்ததும் சரியாக முப்பத்தெட்டு விநாடிதான். அவ்வளவு துல்லியமாக ஓடும் நகலை ஷமீமா தன் இருபது வருடத்தில் பார்த்ததில்லை.

டீ குடித்து முடிக்கும்போது சுகந்தமணி தானாகவே சொன்னார். யாரிடமும் சொல்கிற மாதிரி இல்லை, டம்ளரிடம் சொல்கிற மாதிரி.

"ஆடிக் கடைசில எங்கக்கா தவறிட்டாங்க. காங்கேயத்துல. அம்மா அப்பா இல்லீங்க, கூடப் பொறந்த ஆம்பளையும் இல்ல. பொறந்த ஊட்டுக் கோடி நான்தான் கொண்டுட்டுப் போயிப் போத்தோணும். சேதி வந்ததும் எந்திரிச்சு பீரோவத் தொறக்கறேன், காதுல மணியடிக்குது. கோடிச் சீலை பறப்பான்ல போயாச்சாம். மச்சானுக்குப் பேசி எனக்காக அழுதும் ஆயிருச்சாம். அன்னிக்கு இவருக்குச் சங்கத்துல கூட்டம், அதனால நேர்ல போக வேண்டியதில்லைன்னு ஒருமனதா முடிவாம்."

"நீங்க செவிமொட்டக் கழட்டி எறிஞ்சுட்டுப் போயிருக்கலாமுல்லங்க்கா?"

"அட, அது பொய் சொல்லீருந்தா எறிஞ்சிருப்பேன் கண்ணு." சுகந்தமணி டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "நேர்ல கேட்டிருந்தாலும் அவரு கூட்டம்பாரு, நானும் செரின்னுதான் சொல்லியிருப்பேன். முப்பது வருசமா அதத்தானே சொன்னேன். அதுக்கு அது தெரிஞ்சிருக்குது பாருங்க. அதுதான் எனக்குத் தாங்கல. அன்னைலருந்து அந்தச் சொல்லு வாயில வர மாட்டேங்குது."

சீலை குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நிறமும் முறைப்படி சரி. போர்த்துவதற்குத்தான் பிறந்த வீட்டு ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் போர்த்தினார்கள்.

ஷமீமா கூடத்துக்குத் திரும்பி வந்து பெட்டியை மூடினார். "மெஷின்ல பழுது இல்லீங்ணா. அது கரெக்டா இருக்குது. நீங்க போயி அக்காட்டப் பேசுங்க."

"பேசிக்கொண்டுதானே இருக்கிறோம். சென்ற மாதம் மட்டும் எங்களுக்குள் நாலாயிரத்து இருநூறு உரையாடல்கள் நடந்திருக்கின்றன. பட்டியல் இருக்கிறது."

"அது பேசுனதுங்ணா. நீங்க பேசுங்க. வாயால."

தாமோதரன் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மேடை ஏறும்போது செய்வதுபோலத் தொண்டையைச் செருமிக்கொண்டு சமையலறை வாசல் வரை போனார். காலடிச் சத்தம் கேட்டு உள்ளே சுகந்தமணி அடுப்பை அணைத்தார். முதுகைத் திருப்பியபடியே நின்றார். எண்ணெய்ச் சட்டியின் சலசலப்பு அடங்கி, வீட்டில் எதுவுமே கேட்காமல் ஆனது.

தாமோதரனுக்கு முதல் வார்த்தை கிடைக்கவில்லை. சங்கத்தில் இரண்டு மணி நேரம் குறிப்பில்லாமல் பேசுகிறவர். செவிமொட்டைத் தொட்டு மெல்லக் கேட்டார்: "இவகிட்ட என்ன சொல்லிப் பேச்ச ஆரம்பிக்கறது?"

எந்தச் சொல் எடுபடும் என்று அறிய, மனைமதி அதை முதலில் சுகந்தமணியின் நகலிடம் சொல்லிப் பார்க்கும். சொல்லிப் பார்த்தது. கூடத்தில் சுவர்த்திரை நின்றது. வாசற்கதவு பாதியில் நின்றது. தாமோதரனும் வாசலில் கையைத் தூக்கியபடி நின்றார், கணினி கிளம்பும் வரை. அது ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. பிறகு அவர் திரும்பி வந்தார்.

"கேட்டேன். அதுவும் நின்றுவிட்டது."

உள்ளே மறுபடி அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது.

"வேறு வழி இல்லையா?" என்று தாமோதரன் ஷமீமாவைக் கேட்டார். "ஞாயிற்றுக்கிழமை நடுவர்கள் வருகிறார்கள்."

வேறு வழி இருந்தது. அதை ஷமீமா தானாகச் சொல்ல விரும்பவில்லை, ஆனால் கேட்டால் மறைக்கக் கூடாது என்பது நிறுவனத்தின் கட்டளை. நகலின் பழைய பதிவுகள் எல்லாம் மனைமதியில் அப்படியே இருக்கும். கோளாறு வருவதற்கு முந்தைய ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தால் நகல் அந்த நாளுக்குத் திரும்பிவிடும். அதற்கு மீள்நாள் என்று பெயர்.

"எந்த நாள் போடட்டும்?"

"நன்றாக இருந்த நாள்."

"அது எதுன்னு நீங்கதாங்ணா சொல்லோணும்."

தாமோதரன் யோசித்தார். அக்கா இறந்ததற்கு முந்தைய நாள் என்றார். நிகழ்வேட்டில் பார்த்தால் அன்றைக்கே சுகந்தமணியின் நகல் ஒவ்வொரு 'சரி'க்கும் ஒரு விநாடி தயங்கியிருந்தது. அதற்கு முந்தைய தீபாவளி என்றார். அன்று அரை விநாடி. சென்ற வருடக் கல்யாண நாள் என்றார், எந்தத் தேதி என்று மனைமதியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு. அன்றும் அரை விநாடி. மனைவி நன்றாக இருந்த ஒரு நாள் அவருக்கு நினைவு வரவில்லை. மோசமாக இருந்த நாளும் நினைவு வரவில்லை. கடைசியில், மறுமொழி மிக விரைவாக வந்த நாளை நீயே எடு என்று மனைமதியிடம் விட்டுவிட்டார். அது மூன்று வருடம் முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்தது. அந்த நாளில் என்ன விசேஷம் என்று பார்த்தால், ஒன்றும் இல்லை. அன்று தாமோதரன் வெளியூர் போயிருந்தார்.

"அக்காட்ட ஒரு வார்த்த கேட்டுட்டீங்களா?"

தாமோதரன் பதில் சொல்வதற்குள் நகல் செவ்வாய்க்கிழமைக்குத் திரும்பியிருந்தது. அவருடைய நகல் வழக்கம்போலக் கேட்டது. சுவரிலிருந்து உடனே வந்தது சுகந்தமணியின் குரல், மூன்று வயது இளமையாக: "செரிங்க."

"கேட்டாயிற்று" என்றார் தாமோதரன்.

ஷமீமா சமையலறைக்குப் போய், சுகந்தமணியின் செவிமொட்டை வாங்கிக்கொண்டார். அது காதில் இருந்தால் நகல் மறுபடி புதுப்பித்துக்கொண்டு பழையபடி நின்றுவிடும். சுகந்தமணி எதற்கு என்று கேட்கவில்லை. கழற்றிக் கொடுத்துவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டார். படியிறங்கும்போது ஷமீமா திரும்பிப் பார்த்தார். அடுத்த வீட்டு அழைப்பு காதில் மணியடிக்கவே போய்விட்டார். அந்த வீட்டிலும் உறைவுதான்.

ஞாயிறு காலை மூன்று நடுவர்கள் வந்தார்கள். கூடத்தில் அமர்ந்து வீட்டின் அமைதியை அளந்தார்கள். தாமோதரன், இல்லறத்தின் மேன்மை குறித்துச் சிற்றுரை என்று தொடங்கியது நாற்பதாவது நிமிடத்தை எட்டியபோது, சுகந்தமணி உள்ளறையிலிருந்து பையோடு வந்தார்.

"நான் காங்கேயம் போறேனுங்க. அக்கா ஊட்டுக்கு."

அதே நேரத்தில் சுவரிலிருந்து அதே குரல், "எல்லாருக்கும் காப்பி ரெடிங்க" என்றது.

தாமோதரன் சுவரைப் பார்த்து, "நன்றி சுகந்தி" என்றார். நடுவர்களில் ஒருவர் 'இனிமை' என்று குறித்துக்கொண்டார். சுகந்தமணி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். எவ்வளவு நேரம் என்று யாரும் அளக்கவில்லை, அவர் இப்போது எதிலும் இணைக்கப்படாத ஆள். பிறகு போய்விட்டார். பட்டம் தாமோதரனுக்குக் கிடைத்தது.

சுகந்தமணி போனது இரண்டு நாள் கழித்துச் செவ்வாய்க்கிழமைதான் அவருக்குத் தெரிந்தது. குளித்துவிட்டு வந்து, வெள்ளைத் துண்டு எங்கே என்று கேட்டார். "மாடிக் கொடில காயுதுங்க" என்றது குரல். மாடியில் இரண்டு வருடமாகக் கொடியே இல்லை. தாமோதரன் ஈரத்தோடு வீட்டைச் சுற்றினார். படுக்கையறையில் இல்லை. சமையலறையில் இல்லை. கொல்லையில் இல்லை.

"சுகந்தி, எங்க இருக்கறே?"

"இங்கதானுங்க இருக்கேன்" என்றது நாலு பக்கச் சுவரும்.

அவர் காங்கேயத்துக்கு அழைத்தார். அங்கே சுகந்தமணியின் அக்கா கணவருடைய நகல் எடுத்து, எல்லோரும் நலம் என்று சொல்லி, சாப்பிட்டாயிற்றா என்று கேட்டது. நேரில் போகலாமா என்று நினைத்தார். சட்டைகூடப் போட்டுவிட்டார். வாசலில் நின்று, போய் அவளிடம் என்ன சொல்வது என்று யோசித்தார். யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. சங்கத்திலிருந்து பாராட்டு விழாவுக்குத் தேதி கேட்டார்கள். அதற்கும் பேசவில்லை. அவருடைய செவிமொட்டு இதையெல்லாம் ஒன்று விடாமல் மனைமதிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுகந்தமணியின் நகல் அவருடைய நகலிடம், "ராத்திரிக்கு என்னங்க பண்ணட்டும்?" என்று கேட்டது. அவருடைய நகல் பதில் சொல்லவில்லை. வீடு நின்றது.

ஆனால் அதற்குள் மாவட்டத்தில் பாதி வீடுகளிலிருந்து இதே புகார் போயிருந்ததால் நிறுவனம் ஒரு மேம்பாட்டை எல்லா மனைமதிகளுக்கும் அனுப்பியிருந்தது. எந்த நகலாவது ஐந்து விநாடிக்கு மேல் மௌனமாக இருந்தால் அதை நன்றாக இருந்த நாளுக்குத் தானாகவே திருப்பிவிடும். பழுதுநீக்கர் வர வேண்டியதில்லை. யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஆறாவது விநாடியில் தாமோதரனின் காதில் மணி ஒலித்தது.

'உங்களுக்கு ஏற்பட்ட பழுது நீக்கப்பட்டது.'

பிறகு செவிமொட்டு அணைந்தது. சுவரிலிருந்து அவருடைய குரல், மூன்று வருடம் முந்தைய உற்சாகத்தோடு, "சப்பாத்தி செய்துவிடு, சரிதானே சுகந்தி?" என்றது. "செரிங்க" என்று அந்தக் குரல் சொல்லிச் சிரித்தது. தாமோதரன் நாற்காலியிலிருந்து, "எனக்கு வேண்டாம்" என்றார். அதைக் கேட்டுக்கொள்ள வீட்டில் எதுவும் இல்லை. அடுப்பு பற்றிக்கொண்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கணினி உறையவில்லை.